பழைய டீசல் காரில் சூடேற்றமும் இழுவைக் குறைவும்

பழைய டீசல் காரில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதும், ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காமல் தவிப்பதும் பட்டறைக்கு அடிக்கடி வரும் இரண்டு குறைகள். மெக்கானிக் பேச்சில் ‘ஹீட் ஆகுது’, ‘பிக்கப் இல்லை’. இரண்டும் தனித்தனியாக வரலாம். ஒன்று மற்றொன்றைக் கூட்டிக்கொண்டும் வரலாம். எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதற்கு முன், எந்த நேரத்தில் சூடாகிறது, எந்த நேரத்தில் இழுவை குறைகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வதே இதில் பாதி வேலை. கேட்காமல் ரேடியேட்டர், பம்ப், டர்போ என்று ஒவ்வொன்றாக மாற்றுவது பணத்தைக் கரைக்கும் வழி.

திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னை–கூடூர் ரயில் பாதையை ஒட்டியுள்ள அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரத்தில் இந்தக் குறைகளுக்கு ஊர் சார்ந்த காரணங்கள் இரண்டு உண்டு: தூசு, தண்ணீர். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகுகள் 1994 முதல் இயங்குகின்றன. வல்லூர் அனல்மின் நிலையமும் அருகில்தான். நிலக்கரி இறக்குவதற்கென்றே திட்டமிடப்பட்ட எண்ணூர் துறைமுகம், இன்றைய காமராசர் துறைமுகம், 2001இல் செயல்படத் தொடங்கியது. நிலக்கரித் தூள், சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, கடற்காற்றின் உப்பு எல்லாம் ஒரே காற்றில் கலந்திருக்கும். அந்தத் துறைமுகத்திலிருந்து புத்தம்புதிய கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. வெளியே லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பதோ மூன்றாம் கை மாறிய டீசல் வண்டிகள்.

தண்ணீரின் கதை இன்னும் பழையது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்து, பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது; ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன்; சென்னைக்குப் போகும் தண்ணீர் அது. ஹீட் ஆகி ஓரங்கட்டிய வண்டிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி ஊற்றப்படுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான்.

இது ஏன் பெரிய விஷயம்? டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கு, சில நேரம் அதற்கும் மேல், கூலன்ட் வழியாகத்தான் வெளியேறுகிறது. தெர்மோஸ்டாட் வால்வு பொதுவாக 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்கும். எஞ்சின் 90 டிகிரியை ஒட்டி ஓட வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சில நூறு ரூபாய் மூடி மாற்றாமல் ஹெட் வரை போன வண்டிகள் உண்டு. உப்புத் தண்ணீரோ, வெந்நீர்ப் பானையின் அடியில் காரை பிடிப்பதுபோல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைக்கும். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட்டில் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலப்பது சடங்கு அல்ல. கூலன்ட்டிலுள்ள துரு தடுப்பான் வேலை செய்ய நல்ல தண்ணீர் வேண்டும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். செங்கல் நிறச் சேறு, ஹோஸ் பைப்பின் வாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு என்றால் நெடுநாள் போர் தண்ணீர் குடித்த வண்டி. மாறாக, பழைய வண்டியில் கூலன்ட் மட்டும் பளபளவென்று புதுப் பச்சையாக இருந்தால், நேற்று மாற்றியது எதை மறைக்க என்றும் கேட்கலாம்.

வெளிப்புற அடைப்பைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். ஏசி கன்டென்சரும் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் கன்டென்சர் சுத்தமாகவே தெரியும். நடுவிலுள்ள இடுக்கில் நிலக்கரித் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் பூச்சி இறகும் சேர்ந்து கம்பளி போல் திரண்டிருக்கும். டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து ஃபின் வழியே வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும்.

இனி, நேரம் பற்றிய கேள்வி. எண்ணூர் நெடுஞ்சாலை லாரி வரிசையில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மீது: மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார், பெரிய வண்டிகளில் விஸ்கஸ் கப்ளிங். பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட சிறிது நேரத்தில் ஃபேன் சுழல வேண்டும். நேர்மாறாக, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் 90 கி.மீ. வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகே சூடானால் ரேடியேட்டர் உள்ளடைப்பு, முழுதாகத் திறக்காத வால்வு, இம்பெல்லர் தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் டீசல் எஞ்சின் மிகக் குறைந்த எரிபொருளே எரிக்கிறது. ஏசி இல்லாமல் சும்மா நிற்கும்போதே சூடேறினால் அது சின்னக் குறை அல்ல. டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பவும் கூடாது. பல கார்களில் அது பரந்த வெப்ப வரம்புக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது நகரும்போது காலம் கடந்திருக்கும். ஸ்கேனரில் நேரடி வெப்ப அளவைப் படிப்பதே உறுதி.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அடையாளங்கள் வேறு. காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், எஞ்சின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். கூலன்ட் டப்பாவில் குமிழ் விடாமல் வரும். ஆயிலில் பால் நிறம் கலந்தால் முற்றிய நிலை. கலக்காததால் கேஸ்கட் நல்லது என்று ஆகிவிடாது. டப்பாவின் வாயில் நீல நிறச் சோதனைத் திரவத்தை வைத்துப் பார்த்தால், எரிந்த வாயு கசிந்திருக்கும்போது அதன் நிறம் மாறும்.

இழுவைக் குறைவுக்குப் புகையே முதல் சாட்சி. கரும்புகை என்றால் டீசலுக்கு ஈடான காற்று போகவில்லை. இந்தப் பகுதியில் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டரை விட்டுவைப்பது தவறு. தட்டினால் கறுப்புத் தூள் கொட்டும். அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். நின்ற வண்டியில் அது பழுதில்லாததுபோலவே தெரியும். கிளாம்ப் அருகில் கையால் அழுத்தி மடக்கினால்தான் வெடிப்பு வாய் திறக்கும், சுற்றி ஆயில் ஈரமிருக்கும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் வரத்தில் குறை இருக்கலாம். ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் இருந்தால் அது அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். காமன் ரெயில் எஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஓட்டினால், மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் பாட்டில் குற்றவாளியைக் காட்டிவிடும். ஸ்கேனர் காட்டும் பி 0299 டர்போ அழுத்தக் குறைவையும், பி 0087 ரெயில் அழுத்தக் குறைவையும் குறிக்கும். இவை விளைவைச் சொல்கின்றன, காரணத்தை அல்ல. பி 0299 என்று கண்டதும் டர்போவை மாற்றச் சொல்லும் பட்டறையை விட்டு நகர்வது நல்லது.

இரண்டு குறையும் சேர்ந்து வந்தால் பார்க்க வேண்டியவை சில. கூலன்ட் வெப்பம் எல்லை தாண்டினால் பல எஞ்சின்களில் கம்ப்யூட்டரே ஏசியை வெட்டி டீசலையும் குறைத்துவிடும். அங்கே இழுவைக் குறைவு நோய் அல்ல, காப்பு. இஜிஆர் கூலர் உள்ளே கசிந்தால் கூலன்ட் மாயமாகக் குறையும், வெள்ளைப் புகை வரும். வெளியே ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. சைலன்சர் பாதையில் கரி அடைத்தாலும் இரண்டும் வரும். பலர் மறப்பது பிரேக்: காலிப்பர் பிடித்துக்கொண்ட வண்டி சதா மேடேறுவதுபோல் உழைக்கும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு ரிம்மின் அருகிலும் கையைக் காட்டினால் ஒன்று மட்டும் அனல் அடிக்கும். 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் தயாரான மிட்சுபிஷி லான்சர் டீசல் போன்ற, மெக்கானிக்கல் பம்ப் கொண்ட பழைய எஞ்சின்களில் டைமிங் பிந்தியிருப்பதும் சூட்டையும் மந்தத்தையும் ஒருசேரத் தரும்.

வாங்குபவருக்கு வண்டியின் வயதும் ஒரு கணக்கு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, சந்தையிலுள்ள ஸ்விஃப்ட் டீசல் எல்லாம் அதற்கு முந்தியவை. முந்தைய கையில் நடந்த ‘சிகிச்சை’யைத் தேட வேண்டும். ஹீட் ஆகிறது என்றதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது இங்கே பழகிப்போன வைத்தியம். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி டீசல் குடிக்கும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி மூடாமல் கூலன்ட் ரேடியேட்டருக்கே சரியாகப் போகாது, மருந்தே நோயாகும். ஃபேனுக்கு ‘டைரக்ட்’ கொடுத்திருந்தால், சாவியைத் திருப்பியதும் குளிர்ந்த எஞ்சினிலேயே அது சுற்றத் தொடங்கும்.

ஹெட் ஒருமுறை கழன்றதா என்பதை போல்ட் தலைகளிலும், ஓரத்தில் பிதுங்கும் சிலிகான் பேஸ்டிலும் காணலாம். சூட்டில் வளைந்த அலுமினிய ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்வார்கள். கம்பெனி அனுமதிக்கும் அளவுக்கு மேல் சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி குறைந்துவிடும். பல டீசல் எஞ்சின்களுக்குக் கேஸ்கட் இரண்டு மூன்று கனங்களில் வருகிறது. பிளாக்கின் மேல் பிஸ்டன் எவ்வளவு எழுகிறது என்று அளந்துதான் எதைப் போடுவது என்று முடிவு செய்வார்கள். கனம் எது என்பது கேஸ்கட்டின் விளிம்பில் துளைகளாகவோ வெட்டுகளாகவோ குறிக்கப்பட்டிருக்கும். சில எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே அவற்றை எண்ணிவிடலாம். பழைய கேஸ்கட்டின் குறியும் பிஸ்டன் அளவும் பில்லில் எழுதித் தரும் பட்டறை கிடைத்தால் கூலி கொஞ்சம் கூடினாலும் அங்கேயே விடலாம்.