இளைப்பாற்றுச் சம்பளமும் தலைமுறை நீதியும்

சட்டத்தின் ஒரு விதி மாறும்போது அதன் முழு விளைவையும் உணர ஒரு தலைமுறையே கழியவேண்டியிருக்கிறது. பிரித்தானிய அரச இளைப்பாற்றுச் சம்பளத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 70 வயதெய்திய வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை 1909 ஜனவரியிலிருந்து வழங்கப்பட்டது. 1948இல் அது, காப்புறுதிப் பணம் செலுத்திய தொழிலாளர் அனைவரதும் உரிமையாக விரிந்தது. ஆயின், ஆண்டுதோறும் எவ்வளவுகோலைக் கொண்டு அதனை உயர்த்துவது? எழுபதுகளின் நடுவில் தொழிற் கட்சி அமைச்சர் பார்பரா காசில் இதற்கு விடை கண்டார். விலைவாசி, சம்பளம் ஆகிய இரண்டில் எது கூடுதலாக உயர்கின்றதோ, அதனோடு முதியோர் பணமும் உயரவேண்டும். நாட்டின் வளர்ச்சியில் உழைத்து ஓய்ந்தோர்க்கும் பங்குண்டு என்பதே இதன் பொருள்.

1980இல் தட்சர் அரசாங்கம் சம்பளத்தை விலக்கி, விலைவாசியை மட்டும் அளவுகோலாக்கியது. எவர் கையிலிருந்தும் ஒரு சதமும் பறிக்கப்படவில்லை. முதியவர் நேற்று வாங்கிய பாணை இன்றும் வாங்கினார். ஆனால் சமுதாயம் முன்னே செல்ல, அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சராசரிச் சம்பளத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்காயிருந்த அடிப்படைத் தொகை, முப்பது ஆண்டுகளுள் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகத் தேய்ந்தது. தொழிற் கட்சியே ஆட்சியிலிருந்த 2000ஆம் ஆண்டில் இவ்வளவுகோல் ஈந்த உயர்வு வாரத்திற்கு 75 பென்ஸ்! முதுமையிலும் காசில் அம்மையார் தம் கட்சியை எதிர்த்து வாதாடினார், 2002இல் மறைந்தார். சம்பளத் தொடர்பு 2011இல்தான் மீண்டது. இடைக்காலத்தில் இறந்த முதியோர்க்கு அதனால் என்ன பயன்?

2016 ஏப்ரல் 6இல் மற்றொரு கோடு கிழிக்கப்பட்டது. அன்றுமுதல் ஓய்வு வயதை எட்டியோர்க்கு முழுத் தொகை வாரம் 155.65 பவுண்; முந்தியோர்க்கு அடிப்படைத் தொகை 119.30 பவுண். முந்தியோரிற் பலர் மேலதிகத் தொகை பெற்றனர் என்பது மெய்யே. அதனைப் பெறாதோர் பின்தங்கினர். புதியோரும் முற்றாகத் தப்பவில்லை. 2020இல் ஓய்வு வயது 66 ஆயிற்று.

முதியோர் தம் பங்கை உண்கின்றனர் என இளையோர்க்கு ஓதுவோர் எந்நாட்டிலும் உளர். 1980இல் 35 வயதினனாயிருந்த ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். முதியோர் விவகாரம் தனக்கெதற்கென்று அவன் வாளாவிருந்திருக்கலாம். 2010இல், 65 வயதில், அவன் பெற்றது முப்பதாண்டுத் தேய்மானம் முழுவதையும் சுமந்த தொகை. அன்று ஓய்விலிருந்தவர்களிலும் பார்க்க அவனுக்கே இழப்பு மிகுதி. இன்றைய முதியோர்க்காகக் குரல்கொடுக்கும் இளைஞன் தன் நாளைய உரிமைக்காகவே குரல்கொடுக்கின்றான்.