கணிப்பொறிப் பெட்டியும் பட்டறைக் கருவிகளும்

திருவனந்தபுரத்தில் கணிப்பொறிப் பெட்டி ஒன்றைத் தம் கையால் செய்யவோ, வாங்கிய பெட்டியைத் திருத்தி அமைக்கவோ விரும்பும் அன்பர் முதலில் செல்லவேண்டிய இடம் டெக்னோபார்க் அன்று, சாலைக் கடைத்தெருவே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் அமைத்த அங்காடி அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தெரு. எழுத்தாளர் ஆ. மாதவன் அங்கே கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் வாழ்வைக் கதைகளாக்கினார். எஃகு அளவுகோல், மூலைமட்டம், கோடு கீறும் ஊசி, சென்டர் பஞ்ச், துளைப்பொறி, ஹாக்ஸா, தகட்டுக் கத்தரி, மரை வெட்டும் டேப், பலவகை அரங்கள் ஆகிய இவ்வளவும் இருந்தால் பெட்டி செய்துவிடலாம். இவற்றுள் மின்சாரம் கேட்பது துளைப்பொறி ஒன்றே. அதையும் கையால் சுழற்றும் வகை உண்டு.

இயந்திரத்தை மட்டுமன்றி அதன் உறையையும் கண்டு வியக்கும் பழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. பத்மநாப சுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள மேத்தன் மணியில், மணிதோறும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடி வைத்த முகமொன்றின் கன்னங்களில் வந்து முட்டுகின்றன. காண வருவோர் மணி பார்ப்பதைவிட அந்த முகத்தைப் பார்ப்பதே மிகுதி.

அடுத்த பெரும் பட்டறை கடற்கரையில் தோன்றியது. தும்பாவில் புனித மரிய மக்தலேனா தேவாலயம் விண்வெளி நிலையத்தின் முதல் அலுவலகமாயிற்று. பிரார்த்தனைக் கூடம் தம் ஆய்வுக்கூடமாகவும், ஆயரின் அறை வரைபட அறையாகவும் மாறியதை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழும்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவினுடையது. அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கலமோ பிரான்சினுடையது. அங்குல நாடும் மீட்டர் நாடும் ஓருறைக்குள் கூடின. ராக்கெட்டின் மூக்குக் கூம்பை மிதிவண்டியின் பின்னே வைத்துக் கொண்டு சென்ற காட்சியைப் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரெசோன் 1966இல் படமாக்கினார். அதை வறுமையின் சின்னமாகக் காட்டுவோர் பலர். கூம்பும் நுண்கருவிகளைக் காக்கும் ஒரு பெட்டிதான் என்பதை நினைத்தால், அதைச் செப்பம் செய்த கைகளே என் நினைவுக்கு வருகின்றன.

1973இல் கே. பி. பி. நம்பியார் தலைமையில் கெல்ட்ரான் நிறுவப்பட்டது. தொலைக்காட்சி முதலிய மின்னணுப் பொருள்களை ஊரிலேயே செய்யும் தொழில் அதனால் வேரூன்றியது. 1990இல் தோன்றிய டெக்னோபார்க் பெரும்பாலும் மென்பொருளை நாடியது. தகடும் அரமும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

மேசைக் கணிப்பொறியின் பெட்டிக்கு இன்றும் இலக்கணம் வகுப்பது, 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறை. அதன்படி தாய்ப்பலகை 12 அங்குல நீளமும் 9.6 அங்குல அகலமும் உடையது. காற்றாடியின் அளவோ 120 மில்லிமீட்டர்! திருகாணிகளிலும் இதே இரட்டை வழக்கு. பெரிய வன்தட்டுக்கு அங்குலத்துக்கு 32 மரை கொண்ட அமெரிக்கத் திருகாணி; சிறிய தட்டுக்கு 3 மில்லிமீட்டர்த் திருகாணி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை அழிந்துவிடும். மரைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று இங்கிலாந்தில் விட்வொர்த் 1841இல் முறை வகுத்தார். அமெரிக்காவில் செல்லர்ஸ் 1864இல் வேறு கோணத்தில் வேறு முறை கண்டார். இந்தியா 1956இல் சட்டம் இயற்றி மீட்டர் முறைக்கு மாறியது. ஆயினும் ஒரு பிடித் திருகாணிக்குள் அந்தப் பழைய வழக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே இருபுறமும் அளவு பொறித்த எஃகுக் கோலே முதற்கருவி என்பேன்.

காற்றாடிக்கு வழி வெட்டும் வேலையில் இக்கருவிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் தாய்ப்பலகையைக் கழற்றி அகற்றிவிட வேண்டும். இரும்புத் துகள் ஒன்று மின்பாதைகளுக்கு இடையே விழுந்தாலும் பலகை கெடக்கூடும். மையத்தைக் கீறி, பஞ்சால் குழி இட்டு, 105 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு மூலைத் துளைகளைக் குறிக்க வேண்டும். குழி இடாவிட்டால் துளையூசி வழுக்கி வண்ணத்தைக் கீறிவிடும். வட்டத்தை வெட்டியபின் பிசிறை அரத்தால் நீக்கவேண்டும்; இல்லையேல் அது நாளடைவில் கம்பியின் உறையை அறுத்துவிடும். வள்ளுவர் அறிவின் கூர்மைக்கு உவமையாக எடுத்த கருவி அரம். பட்டறையில் அதற்குக் கூர்மையோடு பொறுமையும் வேண்டும். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னே இழுக்கும்போது தளர்த்த வேண்டும்.

மரை இடுவதில் வேறொரு நுட்பம். மூன்று மில்லிமீட்டர் மரைக்கு 2.5 மில்லிமீட்டர்த் துளையிட்டு டேப்பைத் திருப்புவர். ஆனால் பெட்டித் தகட்டின் கனம் 0.8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மரையின் இடைவெளி 0.5. இரண்டு சுற்றுக்கூட முழுதாக நிற்காது. அதனால்தான் துளையின் விளிம்பை உள்நோக்கி வளைத்துக் கனமாக்குகின்றனர். அல்லது மரை வெட்டிய குழலொன்றை ரிவெட் முறையில் பொருத்துகின்றனர். இதை அறியாதவர் திருகாணியைக் குறை சொல்லுவர்.

2019இல் திருவனந்தபுரத்து மண்விளையில், கெல்ட்ரான் வளாகத்தில், கோகோனிக்ஸ் என்னும் மடிக்கணினி உருவாக்கப்பட்டது. மடிக்கணினி உறையில் தகட்டுக் கத்தரிக்கு வேலையில்லை. பொதுவாக அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக். இன்று பலவகை மடிக்கணினிகளைத் திறந்து பார்ப்பதே கடினமாகிவிட்டது. சிலவற்றில் பசை, சிலவற்றில் கடைத் திருப்புளிக்கு இணங்காத திருகாணி. சிறு பழுதுக்கும் முழுப் பொருளைத் தூக்கியெறியும் நிலை இதனால் நேர்கிறது. பெட்டியைச் செய்தவன் அதைப் பிரிக்கவும் வழி வைப்பான் என்ற பழைய நம்பிக்கை அங்கே செல்லாது. ஆயினும் அந்த உறையை வார்க்கும் எஃகு அச்சு இருக்கிறதே, அதைக் கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் வெட்டி முடித்தபின், இறுதி மெருகைப் பல அச்சுப் பட்டறைகளில் இன்னும் ஒரு பிட்டர்தான், நுண்ணிய அரத்தாலும் சாணைக்கல்லாலும், விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்.