ஏணியும் பருவமும்: தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளில் செயல்பாடுகளுக்கான காலம்

தொடக்க வகுப்புச் செயல்பாடுகளைப் பற்றிய விவாதம், குழந்தைகள் மகிழ்ச்சியாகக் கற்கிறார்களா என்ற கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வி தேவையானது, ஆனால் போதுமானதன்று. ஒரு செயல்பாட்டைத் தேவையான தடவை திரும்பச் செய்யக் குழந்தைக்கு நேரம் கிடைக்கிறதா என்பதே கற்றலைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலமெங்கும் விரிவடைந்தது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையே அதற்கு முன்மாதிரி. பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டுக் கற்றல் ஏணியானது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். சின்னத்துக்கு ஏற்ற அட்டை. ஆசிரியர் துணையோடு ஒரு குழு, சக மாணவர் துணையோடு ஒரு குழு, தானே கற்கும் ஒரு குழு எனக் குழந்தைகள் பாயில் அமர்ந்தனர். அவர்கள் வரைந்ததும் எழுதியதும் கம்பிப் பந்தலில் தொங்கின.

பார்வையாளர்களை ஈர்த்தவை பந்தலும் அட்டைகளும். முறையின் உயிரோ ஏணியில் இருந்தது. முப்பத்து நான்கை 304 என்று எழுதும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். காதில் விழுந்த வரிசைப்படி முப்பதை எழுதி, அதன் பக்கத்தில் நான்கை வைக்கிறது. அதன் எழுத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இடமதிப்புதான் இன்னும் பிடிபடவில்லை. பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி, மூன்று கட்டும் நான்கு உதிரியும் என்று பலமுறை எண்ணிப் பார்த்தால் பிடிபடும். ஒரு குழந்தைக்கு இரண்டு நாள் போதும். இன்னொன்றுக்கு இரண்டு வாரம் வேண்டும். தை பிறந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பும் குழந்தைகூட, விட்ட படியிலிருந்தே தொடர ஏணி இடம் தந்தது.

2012-13இல், ஆண்டை மூன்று பருவங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம் தரும் முப்பருவ முறை வந்தது. புத்தகச் சுமை குறைந்தது பெரும் நன்மை. கற்கும்போதே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பிரிந்ததால், செயல்பாட்டுக்கும் மதிப்பு கூடியது. ஆனால் பருவம் முடிந்ததும் அந்தப் பருவத்தின் புத்தகமும் முடிந்துவிடுகிறது. முதல் பருவத்தில் கொம்பும் இரட்டைக்கொம்பும் பிரித்தறியாத குழந்தை, இரண்டாம் பருவத்தில் பத்தி வாசிக்க வேண்டியதாகிறது. ஆசிரியரும் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் குச்சிக்கட்டை ஒருமுறை காட்டிவிட்டு நகர்கிறார். அப்போது செயல்பாடு வெறும் செய்முறை விளக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

குழந்தையின் வேகத்துக்கும் பருவத்தின் அவசரத்துக்கும் உள்ள இந்த முரணைப் பெருந்தொற்று வெளிச்சமிட்டுக் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்த குழந்தை முதல் வகுப்பின் அறையில் உட்கார்ந்ததே இல்லை. அந்த மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளைப் பிரித்தது. ஏணியின் நியாயம் வேறு வடிவில் திரும்பி வந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

ஏணி முறைமீது எழும் மறுப்புகளில் ஒன்று வலுவானது. அட்டையோடு தனித்திருக்கும் குழந்தை பேச்சை இழக்கிறது. ஆசிரியர் அட்டை எடுத்துக்கொடுப்பவராகிவிடுகிறார். மொழிப் பாடத்தில் இது உண்மையான இழப்பு. கதை கேட்பதும் கேள்வி கேட்பதும் மறுத்துப் பேசுவதும் கூட்டாகத்தான் நிகழும். எனவே எழுத்தறிதல், எண்ணறிதல் போன்ற படிப்படியான திறன்களுக்கு ஏணியும், கதைக்கும் உரையாடலுக்கும் முழு வகுப்பும் என்று வேலையைப் பிரிப்பதே தகும். நிலைப்பெயர் முத்திரையாகிவிடாமல், அரும்பில் இருக்கும் குழந்தையும் மலரில் இருக்கும் குழந்தையும் ஒரே கதையைக் கேட்டுப் பேச அந்த முழு வகுப்பு நேரம் உதவும்.

இதற்கு ஆண்டுத் திட்டத்தில் மூன்று மாற்றங்கள் வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதுப் பாடம் நுழையாத மீள்பயிற்சி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். பருவ எல்லையைத் தாண்டியும் பழைய செயல்பாட்டைத் தொடரும் உரிமை ஆசிரியருக்கு எழுத்துபூர்வமாகக் கிடைக்க வேண்டும். செயலியிலும் பதிவேட்டிலும் விவரம் ஏற்றும் வேலை, கற்பிக்கும் நேரத்தைத் தின்னாத அளவுக்குக் குறைய வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகளில் இம்மூன்றும் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல செயல்பாடும் பின்தங்கிய குழந்தைக்குப் பயன்படாது.