சீனத்துப் பொதிசோறு

சீன நாட்காட்டியின் ஐந்தாந் திங்கள் ஐந்தாம் நாள் நெருங்கும்போது தென்சீனத்து வீடுகளில் மூங்கிலிலைகளை ஊறவைப்பர். ஊறிய இலையைக் கூம்பாக மடித்து, வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பசையரிசியை அதனுள் இட்டு, நூலால் இறுகக் கட்டிக் கொதிநீரிலோ ஆவியிலோ நெடுநேரம் வேகவைப்பர். சொங்சி என்பது அதன் பெயர். ஒரு வீட்டாரின் பசிக்கு மட்டுமென அதனைச் செய்தல் அரிது. வரும் விருந்தினருக்கும் அயலாருக்கும் சேர்த்துக் கட்டுக்கட்டாகச் செய்வதே வழக்கம். வடக்கே இலந்தைப்பழம், கிழக்கே சியாசிங் நகரிற் பன்றியிறைச்சி, தெற்கே குவாங்தொங்கிற் பாசிப்பயறு என உள்ளீடு மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

இதன் தோற்றத்தை வினவினால், சிறுவரும் சியூ யுவான் கதையையே கூறுவர். சூ நாட்டின் அமைச்சனாகவும் கவிஞனாகவும் விளங்கிய அவன், அரசனால் துரத்தப்பட்டு, கி.மு. 278 அளவில் மீலுவோ ஆற்றில் மூழ்கி இறந்தான். அவனுடலை மீன்கள் தீண்டாதிருக்க மக்கள் எறிந்த சோறே இந்தப் பொதி என்பது கதை.

பழைய ஏடுகளோ வேறு கூறுகின்றன. கவிஞன் கல்லொன்றை அணைத்தபடி ஆற்றில் வீழ்ந்ததைச் சிமா சியென் தமது வரலாற்று நூலில் எழுதியுள்ளார். சோற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கி.பி. 3 ஆம் நூற்றாண்டினரான சோவ் சூ, பசையுள்ள சிறுதானியத்தை இலையிற் பொதிந்து சாம்பல் நீரில் அவித்து இந்நாளில் உண்பதைக் குறிக்கிறார். தண்மையும் வெம்மையும் இன்னும் பிரியாது தழுவிநிற்கும் நிலையின் குறியீடு என்று அதற்குப் பொருளும் உரைக்கிறார். கவிஞனை அவர் நினைக்கவேயில்லை.

520 இல் மறைந்த வூ சூன் என்பாரின் நூலிலேதான் இரண்டும் இணைகின்றன. அதிற் கவிஞனின் ஆவி ஒருவன்முன் தோன்றி, தனக்கிடும் சோற்றை ஆண்டுதோறும் நாகம் கவர்ந்துகொள்கிறதென்று முறையிடுகிறது; மலைவேம்பு இலையால் மூடி ஐவண்ண நூலாற் கட்டினால் நாகம் அஞ்சும் என்கிறது. படைத்த சோறு உரியவனைச் சேரவில்லை என்பதே முறைப்பாடு! கவிஞன் இறந்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் எழுந்த கதை இது. எனவே சோறே முந்தியது. கவிஞன் அந்தப் பந்திக்குப் பிந்தி வந்த விருந்தினன். அதனால் அவன் பெருமை குறைந்துவிடாது. மக்கள் தாம் விரும்பியவனைத் தம் உணவிலே கொண்டு வந்து அமர்த்திக்கொண்டனர்.

இறந்தோருக்கும் இதிற் பங்குண்டு. சியாங்சி மாகாணத்துத் தேஆன் என்னுமிடத்தில் 1988 இல் ஒரு பெண்ணின் கல்லறை அகழப்பட்டது. அவள் 1274 இல் அடக்கம் செய்யப்பட்டவள். அவளுடன் வைக்கப்பட்ட பீச்சு மரக் கிளையில் இரு சிறு பொதிகள் கட்டப்பட்டிருந்தன. பீச்சு மரம் தீயன விலக்கும் என்பது சீனரின் பழைய நம்பிக்கை.

தாய்வானிலும் பூசியன் மாகாணத்தின் தென்பகுதியிலும் துக்கம் நேர்ந்த வீட்டார் அவ்வாண்டு பொதிசோறு கட்டுவதில்லை. உறவினரும் நண்பருமே தம் அடுப்பில் அவித்து, கட்டவிழாமல் அவ்வீட்டு வாயிலுக்குக் கொண்டுசென்று கொடுப்பர்.