ப்ரூஸ்டர் என்பது பெண்பால்

ஆங்கிலத்தில் ப்ரூஸ்டர், பாக்ஸ்டர், வெப்ஸ்டர் என்று குடும்பப் பெயர்கள் உண்டு. இன்று அவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ என்ற விகுதி பெண்பாலைக் காட்டியது. ஏல் என்னும் பார்லி மதுவைக் காய்ச்சுபவள் ப்ரூஸ்டர், ரொட்டி சுடுபவள் பாக்ஸ்டர், துணி நெய்பவள் வெப்ஸ்டர், நூல் நூற்பவள் ஸ்பின்ஸ்டர். நம்முடைய உழத்தி, இடைச்சி, வலைச்சி போல. தொழில்கள் கைமாறியபோது விகுதியும் தன் பாலை இழந்தது. ‘ஸ்பின்ஸ்டர்’ மட்டும் பெண்ணிடமே தங்கிவிட்டது, மணமாகாதவள் என்ற பொருளில், ஏளனத்தோடு.

ஒரு சொல்லின் பால் மாறியது என்றால் அதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை மாறியிருக்கிறது. ப்ரூஸ்டரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் எழுதிய நூல் பெரிதும் உதவுகிறது. 1300 முதல் 1600 வரையிலான இங்கிலாந்தில் இந்தத் தொழில் பெண்களின் கையிலிருந்து எப்படிப் போனது என்பதே அந்த நூலின் கேள்வி.

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் அன்றாட உணவின் பகுதி. பார்லியை முளைகட்டி உலர்த்தி இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, முந்தைய காய்ச்சலில் மிஞ்சிய ஈஸ்ட்டைக் கலந்து புளிக்க வைப்பார்கள். பெரிய பானை, மரத்தொட்டி, அகப்பை, வடிகட்டும் துணி. இவை அடுக்களையிலேயே இருந்தன. இட்லி மாவு புளித்துவிட்டதா என்று மணத்தை வைத்தே சொல்லும் பெண்களுக்கு அந்தக் கைப்பழக்கம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. ஏல் சில நாட்களில் கெட்டுவிடும். அதனால் ஒருத்தி காய்ச்சினால் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்பாள். அடுத்த வாரம் இன்னொருத்தி காய்ச்சுவாள், இவள் வாங்குவாள். வாசலில் ஒரு கழியை நட்டு அதன் நுனியில் இலைக்கொத்தைக் கட்டிவைத்தால் இன்று இங்கே ஏல் கிடைக்கும் என்று பொருள். நார்த்தாம்ப்டன்ஷயரில் பிரிக்ஸ்டாக் என்ற ஒரே ஊரில், 1348இல் கொள்ளைநோய் வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளில், 300க்கு மேற்பட்ட பெண்கள் ஏல் காய்ச்சி விற்றதை பென்னட் கணக்கெடுத்திருக்கிறார்.

இந்தப் பெண்களின் கதை நமக்குத் தெரியவருவது ஊர் நீதிமன்றப் பதிவேடுகளால். 13ஆம் நூற்றாண்டிலிருந்தே ஏலின் விலையையும் அளவையும் தரத்தையும் சட்டம் கட்டுப்படுத்தியது. ஏல் தயாரானதும் ‘ஏல் சுவைப்பவர்’ என்ற ஊர் அலுவலரை அழைக்க வேண்டும். அவர் குடித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் விற்கலாம். மீறினால் தண்டம். அந்தச் சுவைப்பவர்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஆண்கள். காய்ச்சியவள் பெண். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் நாக்கு ஆணுடையது.

தண்டக் கணக்கைத் தவிர வேறு சாட்சி உண்டா? ஒன்று இருக்கிறது. லின் நகரத்து மார்ஜரி கெம்ப் 15ஆம் நூற்றாண்டில் பிறரைக் கொண்டு எழுதுவித்த தன்வரலாறு, ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறாகக் கருதப்படுகிறது. ஊரிலேயே பெரிய அளவில் ஏல் காய்ச்சியவர்களில் தானும் ஒருத்தி என்றும், மூன்று நான்கு ஆண்டுகளில் பெரும் பணத்தை இழந்ததாகவும் அதில் சொல்கிறார். நுரை பொங்கி நன்றாகத்தான் நிற்கும், திடீரென்று அமுங்கிவிடும், மொத்தமும் பாழ். தன் அகந்தைக்குக் கடவுள் தந்த தண்டனை என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார். புளிக்கும் பானையில் நுரை விழும்போது நெஞ்சு பதறிய ஒருத்தியின் குரல் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

தொழிலை மாற்றியது ஒரு பூ. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சிய பியர், இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்கு வந்தது. ஹாப்ஸ் கசக்கும், கெடாமல் காக்கும். மாதக் கணக்கில் தாங்குகிற பானத்தைப் பீப்பாய்களில் அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம், கப்பலுக்கும் படைக்கும் விற்கலாம். அதற்குப் பெரிய செம்புக் கொப்பரை வேண்டும், வேலையாட்கள் வேண்டும், கடன் தர ஆள் வேண்டும். மணமான பெண்ணின் பெயரில் சொத்தோ ஒப்பந்தமோ பொதுவாக நிற்காத சட்டம் அந்நாட்டில் இருந்தது. லாபம் சிறிதாக இருந்தவரை தொழில் அவளுடையது. லாபம் பெருகியதும் சங்கம் வந்தது, முதலீடு வந்தது, ஆண்கள் வந்தார்கள். 1600ஐ நெருங்கும்போது நகரங்களில் இது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகிவிட்டது.

கூடவே கேலியும் நடந்தது. லட்லோ நகரத் தேவாலயத்தின் மர இருக்கை ஒன்றின் அடியில், அளவில் ஏமாற்றிய ஏல்காரியைப் பேய் தோளில் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகும் செதுக்கல் இருக்கிறது. செஸ்டர் நகரத்துச் சமய நாடகத்தில், கிறிஸ்து நரகத்திலிருந்து ஆன்மாக்களை விடுவித்துப் போன பின்னும் ஓர் ஏல்காரி மட்டும் அங்கேயே விடப்படுகிறாள். கவிஞர் ஜான் ஸ்கெல்டன் 1517ஐ ஒட்டி எழுதிய நெடும்பாடலில் எலினார் ரம்மிங் என்ற ஏல்காரி கிழவி, அருவருப்பானவள். அவளுடைய ஏல் தொட்டியில் கோழி எச்சம் விழுகிறது. அதே லெதர்ஹெட் ஊரின் 1525ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஏறக்குறைய அதே பெயருடைய ஓர் ஏல் விற்பவள் 2 பென்னி தண்டம் கட்டியிருக்கிறாள். அவள் தரப்பை யாரும் பாட்டாக எழுதவில்லை. 1540இல் செஸ்டர் நகரம், 14 முதல் 40 வயதுவரை உள்ள பெண்கள் ஏல்கடை நடத்தக் கூடாது என்று ஆணையிட்டது.

சூனியக்காரியின் கூர்தொப்பியும் பூனையும் கொப்பரையும் துடைப்பமும் இந்த ஏல்காரிகளிடமிருந்து வந்தவை என்று இன்று பலரும் பகிர்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பெண் வரலாற்றுக்கு இந்த அலங்காரம் தேவையும் இல்லை. சட்டமும் கடனும் ஏளனமும் சேர்ந்து ஒரு தொழிலை எப்படிப் பறித்தன என்பதே போதுமான அளவு பயங்கரமான கதை.

இதையெல்லாம் படித்த பிறகுதான் வடமேற்கு இங்கிலாந்தின் ஒரு சிற்றூர் மதுக்கடையில் டாம்சன் பழம் சேர்த்த பிட்டரைச் சுவைத்தேன். டாம்சன் அந்தப் பகுதியில் நெடுங்காலமாக விளையும் சிறிய கருநீலப் பழம், பிளம் இனத்தைச் சேர்ந்தது. பார்க்கவும் துவர்ப்பிலும் நம் நாவற்பழத்துக்குத் தங்கை என்று சொல்லலாம். கடைக்காரர் கேட்காமலேயே அதைக் காட்டி, இது இனிப்பாக இருக்கும், பெண்கள் இதைத்தான் விரும்புவார்கள் என்றார். சிறு குவளையில் கொஞ்சம் ஊற்றியும் தந்தார். அன்பாகத்தான் சொன்னார்.

அது இனிக்கவில்லை. செம்பழுப்பு நிறம், மெல்லிய நுரை. பானைத் தண்ணீரின் குளிர்ச்சி, அதற்கு மேல் இல்லை. முதலில் வறுத்த தானிய மணம். அடுத்துப் பழத்தோலின் துவர்ப்பு நாவின் இரு ஓரங்களையும் சுருக்கியது. விழுங்கிய பிறகு ஹாப்ஸின் கசப்பு தொண்டையில் நெடுநேரம் நின்றது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுவதால் மிஞ்சுவது புளிப்பும் துவர்ப்பும்தான். ‘பழம் என்றால் இனிப்பு, இனிப்பு என்றால் பெண்’ என்ற கணக்கு குவளைக்குள்ளேயே பொய்த்துப்போகிறது.

மரபான பிட்டரில் பழம் சேர்ப்பது கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிட்டர் என்ற பெயர் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஏலில் சுட்ட ஆப்பிளையும் ஜாதிக்காயையும் போட்டுக் குடிக்கும் ‘லாம்ப்ஸ்வுல்’ அதைவிட மிகப் பழையது. இன்னொன்றையும் கவனித்தேன். இந்த பியர் வடிகட்டாமல், சூடாக்கிக் கிருமி நீக்காமல் பீப்பாய்க்கு வருகிறது. நிலவறையில் இன்னும் புளித்துக்கொண்டே இருக்கிறது. திறந்தால் ஏறக்குறைய மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். இந்த முறையைக் காப்பாற்ற 1971இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். மரபு என்று அவர்கள் போற்றும் அந்த உயிர்ப்பும் கெட்டுப்போகும் குணமும் ஏல்காரியின் பானையில் இருந்தவை.

நம் பக்கத்திலும் பார்க்க ஒன்று உண்டு. சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்து நுளைமகள் தேறலை வடிக்கிறாள். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு, இருவரும் கள்ளைப் பகிர்ந்த நாட்களை நினைவுகூர்கிறது. பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தது அதியமான் கொடுத்த நெல்லிக்கனியை. பின்னாளைய கதை ஔவையை நாவல் மரத்தடியில் கிழவியாக நிறுத்தியது. அவர் கையில் கனி மட்டும் மிஞ்சியது.

டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி வெயிலில் உட்காரும் பெண்கள் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கிலாந்திலும் 1876இல் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் அமைத்தார்கள். குடித்தவனின் அடியை வாங்கியவர்கள் அவர்கள். அந்தப் போராட்டத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் பகை இல்லை. தொழிலின் லாபம் பெண்ணிடமிருந்து போய், அதன் கேடு மட்டும் அவள் வீட்டுக்குத் திரும்பி வந்ததை இரண்டும் சேர்ந்தே சொல்கின்றன.

லண்டன் ஃப்ளீட் தெருவின் ஒரு மதுக்கடையில் பெண்களும் ஆண்களைப் போல முன்மேடையில் நின்று வாங்கிக் குடிக்கலாம் என்று தீர்ப்புப் பெற 1982 வரை வழக்காட வேண்டியிருந்தது. 1998இல் சாரா பார்ட்டன் என்பவர் தன் மதுவடிப்பகத்தைத் தொடங்கி அதற்கு ப்ரூஸ்டர்ஸ் என்று பெயர் வைத்தார். விகுதியின் பொருள் தெரிந்து வைத்த பெயர்.

ஆய்வுக்கு வரும் மாணவிகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. பெண்களின் உழைப்பைப் புகழ்மொழிகளில் மட்டும் தேடாதீர்கள். தண்டம் கட்டியவர்கள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். பிரிக்ஸ்டாக்கின் பெண்கள் அங்கேதான் இருந்தார்கள்.