பெரிய கோயில்: ஒரு பெயரடையின் கதை

தஞ்சைப் பெரிய கோயிலை ஆங்கிலத்தில் 'பிக் டெம்பிள்' என்று எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. யுனெஸ்கோ 1987இல் இக்கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் உடன்சேர்த்து 'கிரேட் லிவிங் சோழா டெம்பிள்ஸ்' எனப் பெயரிட்டது. 'பிக்' முதன்மையாக உருவளவைச் சுட்டுவது; 'கிரேட்' மாண்பைச் சுட்டுவது. தாராசுரத்து விமானம் ஏறத்தாழ 80 அடியே; தஞ்சை விமானமோ 200 அடியை ஒட்டியது. அளவு நோக்கினால் இரண்டும் ஒரே பட்டியலில் அமரா.

நம் 'பெரிய' என்னும் சொல் இரு பொருளையும் ஒருங்கே தாங்குகிறது. பெரியபுராணம் என்ற பெயர் ஏட்டின் பருமன் கருதி வந்ததென்று எவரும் கொள்வதில்லையே! பெருவுடையார் என்னும் திருப்பெயரிலும் அவ்வாறே. 'பிக்' என்றவுடன் பாதிப் பொருள் உதிர்ந்துவிடுகிறது; விமானத்தை அண்ணாந்து பார்த்துத் திரும்புவோர்க்கு அதுவே போதும் போலும்.

இராசராசன் கல்வெட்டுகளில் கோயிலின் பெயர் இராசராசேச்சரம். அளவு குறிக்கும் அடைமொழி அதில் இல்லை. தம் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமான உச்சிக்கு மன்னர் செப்புக்குடம் அளித்ததை அவை பதிவு செய்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு வீடும் நெல்லும் ஒதுக்கியதைப் பெயர்வாரியாகப் பொறித்திருக்கின்றன. அந்தக் கணக்கைப் படிப்பவர்க்கு 'பிக்' போதாது.

ஆங்கிலேயரிடம் சொற்பஞ்சமும் இல்லை. கல்லணையில் கல்லை நீக்கி, 'கிராண்ட் அனிகட்' என மாண்பைச் சேர்த்தவர்கள் அவர்கள்தாமே.