சூளையில் ஒரு 'தம்' போட்ட கதை

மஞ்சள் நிறத்தில் எரிந்த சோடியம் தெருவிளக்குகள் நினைவிருக்கிறதா? அவற்றின் உள்ளே ஒளிர்ந்த சின்னக் குழாய் கண்ணாடி அல்ல. கொதிக்கும் சோடிய ஆவி கண்ணாடியை அரித்துவிடும். அது அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைச் சுட்டெடுத்த பீங்கான்.

தூளை அழுத்தி, உருகாமல் சூடாக்கினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும். இடையிலுள்ள துளைகள் சுருங்கும். ஆனால் வெப்பம் கூடினால் பெரிய மணி சிறியதை விழுங்கி வளரும். துளைகள் மணிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சுட்டாலும் அவை இலேசில் போகா. ஒளியை மறிப்பவை அந்தத் துளைகள்தான்.

1950களின் இறுதியில், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் ரொபர்ட் கோபிள் மிகச் சிறிதளவு மகனீசியம் ஒட்சைட்டைச் சேர்த்துப் பார்த்தார். மணிகளின் வளர்ச்சி கட்டுக்குள் வந்தது, துளைகள் வெளியேறின, பீங்கானுக்குள் ஒளி ஊடுருவியது. விளக்குக் குழாய் பிறந்தது அப்படித்தான்.

ஆனாலும் சுடும் கடைசிக் கட்டத்தில் மணி வளர்வது முற்றாக நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஐ-வெய் சென், சியாவோ-ஹுய் வாங் ஆகிய இருவரும் சூடாக்கும் ஒழுங்கையே மாற்றினார்கள். இற்றியம் ஒட்சைட்டை முதலில் உயர்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோய், அங்கே தாமதிக்காமல் இறக்கி, குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தார்கள். அந்தச் சூட்டில் அணுக்கள் நகர்ந்து துளைகளை அடைத்தன. மணிகளின் எல்லைகளோ அசையவில்லை. மணியின் அளவு 60 நனோமீற்றர். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு!

கொதித்ததும் நெருப்பைக் குறைத்துப் புரியாணியைத் தம்மில் விடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதினமில்லை. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: எவ்வளவு சூடு என்பது பாதிக் கேள்விதான், எப்போது குறைப்பது என்பது மீதி.